நாத்தனார் முடிச்சுக்கு ஒரு லித்தியம் பேட்டரி

"பின்னாடி ஃப்ரிட்ஜ் வெக்கப் போறீங்களாக்கா?"

தர்மபுரியில் கார் ஆக்சஸரீஸ் கடை வைத்திருக்கும் சம்பத் போன மாதம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. காரில் இரண்டாவதாக ஒரு பேட்டரி வேண்டும், அதுவும் லித்தியம் பேட்டரி வேண்டும் என்று அவர் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே ரகம்தானாம். டூர் போகையில் டிக்கியில் குட்டி ஃப்ரிட்ஜ் வைக்கிறவர்கள் ஒரு ரகம். பக்கத்து வண்டிக்காரன் காது கிழியும்படி ஸ்பீக்கர் வைக்கிறவர்கள் இன்னொரு ரகம்.

"ஃப்ரிட்ஜும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. எங்க அக்காவுக்கு" என்றேன்.

மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கு என் காரைத் தெரியும். அதன் ஏ.சி.யைப் பற்றி இங்கே புலம்பியபோது, 'வித்துட்டு பஸ்ல போங்கம்மா' என்று எனக்கு நல்ல புத்தி சொன்ன அரூர் வாசகருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். ஆனால் என் அக்காவை உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

பழனியம்மா. எங்கள் வீட்டில் மூத்தவள். கடத்தூரில் இருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகிற போக்கில் அவள் நுரையீரலைப் பாழாக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து மூக்கில் ட்யூப். கட்டிலுக்குப் பக்கத்தில் கான்சென்ட்ரேட்டர்... அதாவது, அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின். கரன்ட் இருந்தால் அது ஓடும். அது ஓடினால் அக்கா பேசுவாள், திட்டுவாள், சமையலில் உப்புப் பார்ப்பாள். கரன்ட் போனால் வீட்டு யூ.பி.எஸ். தாங்கும். ட்யூப் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவள் உலகம். வாசல்படி வரைக்கும் வரும். தெருவுக்கு வராது.

சிலிண்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒருமுறை சிலிண்டரை நம்பி சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து, முன்னால் பின்னால் நகர முடியாமல் மாட்டிக்கொண்டோம். சிலிண்டர் முள் சிவப்புப் பக்கம் இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எப்படியோ போய்ச் சேர்ந்தோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள் — "இனிமே என்னை எங்கியும் கூப்டாதீங்க. எனக்கு வூடே போதும்."

அப்படியே வருஷம் ஓடியது. நாங்களும் 'பாவம், அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்' என்று பழகிவிட்டோம். இந்தப் 'பாவம்' இருக்கிறதே... இதைவிடப் பெரிய பூட்டு எந்தக் கடையிலும் கிடையாது!

இந்த நேரத்தில்தான் எங்கள் தம்பி மாதேஷுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

மாதேஷுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. விவசாயம் பார்க்கிற மாப்பிள்ளைக்கு இந்தக் காலத்தில் யார் பெண் கொடுக்கிறார்கள்? ஜாதகம் போகாத ஊர் இல்லை. கடைசியில் ஜாதகமும் வேண்டாம், தரகரும் வேண்டாம் என்று அவனே பார்த்துக்கொண்டான். வத்தல்மலைக்கு மினி லாரி எடுத்துக்கொண்டு சாமை, ராகி லோடு ஏற்றப் போவான். அங்கே சித்ரா. எடை போடுகிற இடத்தில் இவனை ஏமாற்ற விடாமல் சண்டை போட்ட பெண்ணாம். யாரை ஏமாற்ற விடாமல் என்று கேட்டேன். "அவங்க ஊரை நான் ஏமாத்தாம" என்றான். எனக்கு அப்போதே பெண்ணைப் பிடித்துவிட்டது.

சொந்தத்தில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. மலைப் பொண்ணு, நம்ம பழக்கம் வேற, அவங்க பழக்கம் வேற என்று ஆரம்பித்தார்கள். அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள். "கட்டிக்கப் போறவன் அவன். உங்களுக்கு என்னாங்க நோவுது?" மலை மேலே, பெண் வீட்டுக் கோயிலில் கல்யாணம் என்று முடிவானது.

இப்போதுதான் விஷயமே. எங்கள் பக்கம் தாலி கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. மூத்தவள் இருக்கும்போது அவள்தான் போட வேண்டும்.

எங்கள் சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பழனியால மலை ஏற முடியாது. வசந்தா, நீயும் அக்காதான? நீயே முடிச்சைப் போட்ரு. முடிஞ்சது வேலை."

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் போட்டாலும் முடிச்சு விழும். ஆனால் கூடவே பேச்சும் விழும். 'மூத்தவளுக்கு இஷ்டமில்லை, அதான் வரலை' என்று மூன்றே நாளில் ஊர் முழுக்கச் சொல்வார்கள். சொல்லப் போகிற முதல் ஆள் யார்? சித்தப்பாவேதான்! அந்தப் பேச்சைச் சித்ரா காலம் பூராவும் சுமக்க வேண்டும். தவிர, பாதிப் பேர் வேண்டாம் என்றபோது வேண்டும் என்று சொன்னவள் அக்கா. அவள் கை படாமல் அந்தத் தாலியா?

"முடிச்சு பழனியக்காதான் போடும்" என்றேன்.

"எப்படி? பறந்து வருமா?"

"கார்ல வரும்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கும் தெரியாது. நாக்குதான் முந்திக்கொண்டது. அப்புறம் ராத்திரி பகலாகப் படித்ததில் புரிந்தது. மிஷின் குடிக்கிற கரன்ட் மிக்ஸி குடிப்பதைவிடக் குறைவு. ஆனால் மிக்ஸியை ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிடலாம், இதை நிறுத்தவே கூடாது. கார் பேட்டரி, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்குப் பிறந்தது. இதற்கு லாயக்கில்லை. தனியாக ஒரு லித்தியம் பேட்டரி, அதிலிருந்து வீட்டுக் கரன்ட் மாதிரி மாற்றிக் கொடுக்க ஒரு இன்வெர்ட்டர். வண்டி நின்றிருந்தாலும் மூன்று மணி நேரம் தாங்கும். ஓடும்போது சார்ஜும் ஏறும்.

அக்காவின் டாக்டரிடம் கேட்டேன். அவர் முடியாது என்றால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் யோசித்துவிட்டு, "மலை மேல ஆக்சிஜன் அளவைக் கொஞ்சம் கூட்டணும். அவசரத்துக்குச் சின்ன சிலிண்டர் ஒண்ணு கூடவே இருக்கணும். பத்தடிக்குள்ள நெருப்பு கூடாது. போயிட்டு வாங்க" என்றார்.

நேரே சம்பத் கடை.

"இதுக்கு எதுக்குக்கா இவ்ளோ யோசனை? பழைய பேட்டரியோட இதையும் பேரலல்ல போட்டுட்டா போச்சு."

"கூடாது சம்பத். லித்தியம் காலியா இருந்தா, இன்ஜின் ஓடறப்ப கரன்ட் உண்டாக்கற ஆல்டர்னேட்டர் கொடுக்கறதையெல்லாம் ஒரே மூச்சுல குடிக்கும். மலையில மெதுவா ஏறும்போது ஆல்டர்னேட்டர் சூடாகிப் புகைஞ்சா யாருங்க பொறுப்பு? நடுவுல டி.சி. டு டி.சி. சார்ஜர் வேணும். அளந்து அளந்து கொடுக்கும்."

"ஸ்பீக்கர்காரங்க யாரும் கேக்கறதில்லீங்க."

"ஸ்பீக்கர் நின்னா பாட்டு நிக்கும். இது நின்னா?"

அதற்குப் பிறகு அவர் பேரலல் பேச்சை எடுக்கவில்லை. அதற்காக நான்தான் மேதை என்று நினைத்துவிடாதீர்கள். இன்வெர்ட்டரை சீட்டுக்கு அடியில் ஒளித்து, மேலே கார்ப்பெட் போட்டு, பார்க்க அழகாக இருக்கும்படி செய்யச் சொன்னது நான். "அதுக்கும் மூச்சு முட்டுங்கக்கா. காத்து வேணும்" என்று சம்பத் மறுத்தார். அழகு போயிற்று. டிக்கியில் எல்லாம் வெட்டவெளிச்சமாக உட்கார்ந்தன. பேட்டரி, அதன் வாயிலேயே ஃப்யூஸ், சார்ஜர், இன்வெர்ட்டர், கட்டைவிரல் தடிமனில் சிவப்பு ஒயர். பானெட்டுக்குள் சூடு அதிகம், லித்தியத்துக்கு ஆகாது. அதனால்தான் டிக்கி.

முதலில் அவர் கொடுத்த மலிவு இன்வெர்ட்டரில், வாடகைக்கு எடுத்துப் போயிருந்த இன்னொரு மிஷினைப் போட்டதும் அது கன்று ஈனப்போகிற மாடு மாதிரி முனகியது. கரன்டின் அலை ஒழுங்காக இல்லையாம். மாற்றினோம். ப்யூர் சைன் வேவ். இப்போது மிஷின் வீட்டில் ஓடுகிற அதே சத்தத்தில் ஓடியது.

எல்லாம் முடிந்ததும் சம்பத் பேட்டரிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கக் குழைத்துக்கொண்டு வந்தார். டெர்மினல் பக்கம் ஈரச் சந்தனமா? "மூடி மேல மட்டும் வைங்க, ஒரு பொட்டு போதும்" என்று தடுத்தேன். கார் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்க மட்டும் தடை சொல்லவில்லை. எல்லாவற்றிலுமா சண்டை போடுவது?

அடுத்த வேலைதான் கஷ்டம். அக்காவை ஏற வைப்பது.

கடத்தூர் வாசலில் காரை நிறுத்தி, அந்த வாடகை மிஷினை வைத்து, ஓட விட்டுக் காட்டினேன். அக்கா வாசல்படியில் நின்றபடி பார்த்தாள்.

"வேணாம்டி. நடுவழியில நின்னா?"

"நிக்காது."

"சிலிண்டரும் நிக்காதுன்னுதான சொன்ன?"

பின் கதவைத் திறந்தேன். "ஏறி உக்காரு. எங்கியும் போகல. இங்கியே உக்காரலாம்" என்றேன்.

உட்கார்ந்தாள். இன்ஜின் ஆஃப். மிஷின் ஓடுகிறது. அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி. தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். பூக்காரம்மா வந்தாள். இவள் சீட்டில் உட்கார்ந்தபடியே பேரம் பேசி, மல்லிகை வாங்கினாள். எத்தனையோ நாள் கழித்துத் தெருவில் அவள் வாங்கிய முதல் பூ. சரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சார்ஜ் எவ்ளோ காட்டுது?" என்று கேட்டாள். சொன்னேன். "ம்... சரி" என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவில் நின்று அழுதால் அக்கா திட்டுவாள் என்று ஃப்யூஸைப் பார்க்கிற மாதிரி டிக்கி பக்கம் போய்விட்டேன்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் கிளம்பினோம். வத்தல்மலை வளைவுகளில் நான் ஓட்டிய ஆமை வேகத்தைப் பார்த்து பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோனார். அக்கா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். போர்டு, கடை, ஆடு, ஆள். ஒரு வளைவுக்குக் கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்து, "அடியேய், மெதுவா!" என்றாள். சாகப் பயந்தவள் மாதிரி இல்லை, வாழ ஆசைப்படுகிறவள் மாதிரி இருந்தது அந்த அதட்டல்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினேன். கதவுகள், டிக்கி எல்லாம் திறந்தாயிற்று. மிஷின் ஓடுகிறது. மாதேஷ் பட்டு வேட்டியோடு ஓடி வந்து அக்கா காலைப் பிடித்துக்கொண்டான். "மாலை கசங்குது, எந்திரிடா" என்றாள் அக்கா.

நான் கோயில் பக்கம் போய் இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. மலையில் கரன்ட் போனது. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் நின்றது. சரி, மலை என்றால் கரன்ட் போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி நாதஸ்வரம் கேட்டது! ஒரே ஒரு இழுப்பு. உடனே நின்றது. கூடவே கார் பக்கத்திலிருந்து 'கீ' என்று ஒரு சத்தம்.

எனக்கு உயிரே இல்லை. பட்டுப் புடவையை மடித்துச் செருகிக்கொண்டு ஓடினேன்.

என்ன நடந்தது தெரியுமா? மைக் செட்காரர் டிக்கியில் ஒரு ப்ளக் பாயின்ட்டையும் பச்சை லைட்டையும் பார்த்திருக்கிறார். கல்யாண வீட்டு வண்டிதானே, கல்யாணத்துக்கு வந்த கரன்ட்தானே? எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபயரைச் செருகிவிட்டார். இரண்டையும் தாங்க முடியாமல் இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. மிஷின் நின்று கத்துகிறது. அக்கா இரண்டு கைகளாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மைக் செட் ஒயரைப் பிடுங்கி வீசினேன். அவசர சிலிண்டரை எடுப்பதற்கு முன்னால் இன்வெர்ட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பச்சை லைட். மிஷின் ஒரு செருமல் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. "மெதுவா இழுக்கா... மூக்கால இழு... அவ்ளோதான்..." என்று முதுகைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்துக்கு நிறம் வந்தது.

"பாட்டு போடலாம்னுதாங்க..." என்று இழுத்தார் மைக் செட்காரர். அவரை நான் திட்டிய திட்டு இந்தப் பத்திரிகையில் அச்சாகாது.

என் பயமெல்லாம் அக்கா 'திரும்பிப் போலாம்' என்று சொல்லிவிடுவாளோ என்பதுதான். சொன்னால் நான் போயிருப்பேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள் — "மணி என்னா? முகூர்த்தம் தாண்டிடப் போவுது."

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சித்தப்பாவும் வந்தார். பதற்றத்தில் மடியிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்து, தீப்பெட்டியைத் தட்டப் போனார்.

"சித்தப்பா! நெருப்பு!" என்று நான் போட்ட சத்தத்தில் பீடி கீழே விழுந்தது. ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும் என்று விளக்கினேன்.

சித்தப்பா பீடியைப் பார்த்தார். கோயிலைப் பார்த்தார். "ஒரு பீடிக்கே இந்தக் கத்து கத்தறியே... தாலி கட்டற எடத்துல ரெண்டு குத்துவிளக்கு எரியுது, கற்பூரம் எரியுது. அங்க எப்பிடி இவள ஒக்கார வெப்ப?"

ஃப்யூஸ் யோசித்தேன், அலை யோசித்தேன், ஆல்டர்னேட்டர் யோசித்தேன். 'பத்தடிக்குள் நெருப்பு கூடாது' என்று டாக்டர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கோயில் என்றால் விளக்கு எரியும் என்பதை யோசிக்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட மூளை!

"விளக்கை அணைச்சுட்டா?" என்று யாரோ கேட்க, "கல்யாணத்துல விளக்கை அணைக்கறதாவது!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். அக்கா ட்யூபைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் நடந்து வருகிறேன் என்றாள். "கழட்டினா வண்டியைத் திருப்பிடுவன்" என்றேன். சித்தப்பா முகத்தில் ஒரு நிம்மதி. "நான் மொதல்லயே சொன்னன். வசந்தா, நீயே..."

"இருங்க மாமா."

சொன்னது சித்ரா. மணப்பெண் கோலத்தில் எப்போது வெளியே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விளக்கு சாமிகிட்டயே எரியட்டுங்க. நாங்க அண்ணிகிட்ட போறோம்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். மாதேஷ் பின்னாலேயே ஓடினான். தாலித் தட்டோடு பூசாரி நின்றார். கோயில் வாசலையும் புளியமரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமிக்கு நேர் பார்வைதான். கட்டலாம்" என்று அவரும் நடந்தார். அப்புறம் என்ன, கூட்டமே நடந்தது. வேறு வழியில்லாமல் சித்தப்பாவும்.

கார் கதவைத் திறந்துவைத்து, அக்கா காலை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். சித்ரா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மாதேஷ் கட்டினான். முதல் முடிச்சு அவனுடையது. அப்புறம் அவன் கையை எடுக்க, அக்கா குனிந்தாள். மஞ்சள் கயிறு விரலில் வழுக்கியது. மேளம் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, மிஷின் மட்டும் புஸ் புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் தலையைச் சாச்சுக்க கண்ணு" என்றாள். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது. இறுக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தாள். அரிசி மழை எங்கள் எல்லோர் மேலும், டிக்கி மேலும், இன்வெர்ட்டர் மேலும் விழுந்தது. இந்த முறை நான் தடுக்கவில்லை. ஃப்யூஸ் பார்க்கப் போகிற மாதிரியும் நடிக்கவில்லை. நன்றாக அழுதேன்.

உடம்பு சரியில்லாதவர்களிடம் நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், 'நீங்க இருந்த எடத்துலயே இருங்க, நாங்க பாத்துக்கறோம்' என்று! அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அவர்கள் கேட்பது நாம் பார்த்துக்கொள்வதை அல்ல. அவர்களும் பார்ப்பதை. அதற்கு ஒரு பேட்டரியும், நாலு பேரிடம் சண்டை போடுகிற வாயும், விளக்கைத் தாண்டி நடந்து வருகிற ஒரு பெண்ணும் போதும்.

இறங்கி வரும்போது அக்கா கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்துகொண்டாள். களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடிவாரம் வந்ததும் திடீரென்று கேட்டாள்.

"வசந்தா, இந்த பேட்டரி எத்தினி வருசம் உழைக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா பத்து வருசம்கூட வரும்னு சொல்றாங்க. ஏன்க்கா?"

"கழட்டிக் கிழட்டி வெச்சிடாத. மாதேஷ் புள்ளைக்குக் காது குத்தணும்ல? தாய்மாமன் மடி மலை மேலதான இருக்கு."

தாலி ஏறி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை!